கூடி நிற்க இயலாத போர்க்களம்

2023 ஜூன் மாதத்தில் உக்ரைனின் ஸபோரிஷியா மாகாணத்தில், ஒரிகிவ் நகருக்குத் தெற்கே தொடங்கிய எதிர்த்தாக்குதலைப் பற்றி அப்போது வெளிவந்த செய்திகள் பெரும்பாலும் ஜெர்மனியின் லெப்பர்ட் டாங்கிகளையும் அமெரிக்காவின் பிராட்லி கவச வாகனங்களையும் சுற்றியே எழுதப்பட்டன. மேற்கத்திய நாடுகளில் பயிற்சி பெற்ற புதிய உக்ரைனியப் படையணிகள் ரஷ்ய அரண்களைப் பிளந்துகொண்டு அசோவ் கடல் வரை செல்லும் என்பது எதிர்பார்ப்பாக இருந்தது. ஆனால் கண்ணிவெடிகள் அடர்த்தியாக விதைக்கப்பட்ட வயல்களில் முன்னால் சென்ற வாகனம் முடங்கியதும், பின்னால் வந்தவை ஒரே தடத்தில் நெருங்கி நின்றுவிட்டன. மேலே பறந்த ட்ரோன்கள் அந்த நெரிசலைக் காட்டிக்கொடுக்க, பீரங்கிகளும் கா-52 ஹெலிகாப்டர்களும் அவற்றைத் தாக்கின. சில வாரங்களுக்குள் உக்ரைனியர்கள் பெரும்பாலான வாகனங்களைப் பின்னால் நிறுத்திவிட்டு, வயல்களைப் பிரிக்கும் மரவரிசைகளின் ஊடாகச் சிறு சிறு குழுக்களாக நடந்து முன்னேறத் தொடங்கினார்கள். உலகின் மிகச் சிறந்த கவச வாகனங்களில் சிலவற்றை வைத்திருந்த ஒரு படை, கால்நடையாகப் போரிடுவதே மேல் என்று முடிவு செய்தது.

பல ஆண்டுகளாகப் போர் வரலாற்றை வாசித்து வருபவன் என்ற முறையில், இந்த முடிவை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். புதிய ஆயுதங்களைப் பற்றிப் பேசும்போது நாம் அவற்றின் வீச்சு, வேகம், அழிக்கும் ஆற்றல், விலை ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறோம். களத்தில் இருக்கும் வீரனுக்கோ வேறு கேள்விகள் முக்கியமானவை. பக்கத்தில் இருப்பவனிடமிருந்து நான் எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும், பகலில் நகரலாமா, எனக்கு உணவும் குண்டுகளும் எந்த வழியாக வரும், காயம்பட்டால் என்னை யார் எடுத்துச் செல்வார்கள், அடுத்து என்ன செய்வது என்பதை முடிவு செய்பவர் யார் என்பவையே அவை. ஓர் ஆயுதம் இந்தக் கேள்விகளுக்கான விடைகளை மாற்றும்போதுதான் போர்முறை மாறுகிறது என்று சொல்ல முடியும். பழைய விடைகள் செல்லாமல் போன பின்பும் புதியவை கிடைக்காத இடைவெளியில் காலாட்படையினர் பெருந்தொகையாக மடிகிறார்கள்.

1866 ஜூலை 3 அன்று, இன்றைய செக் குடியரசில் உள்ள கோனிக்ராட்ஸ் என்ற இடத்தில் பிரஷ்யப் படையும் ஆஸ்திரியப் படையும் மோதின. ஆஸ்திரியர்களின் லோரன்ஸ் துப்பாக்கிக்குத்தான் வீச்சு அதிகம். ஆனால் அது குழலின் வாய் வழியாக மருந்திட்டு நிரப்ப வேண்டிய துப்பாக்கி. நிரப்புவதற்கு வீரன் நின்றாக வேண்டும். பிரஷ்யர்களின் டிரைசே துப்பாக்கியைப் பின்புறமாக நிரப்பலாம் என்பதால், தரையில் படுத்தபடியே அவர்களால் பல மடங்கு வேகமாகச் சுட முடிந்தது. வீரன் படுத்துக்கொண்டே போரிட முடியும் என்பது சிறிய வசதியாகத் தோன்றலாம். நின்றுகொண்டு நெருங்கி வருபவனுக்கும் படுத்துக்கொண்டு சுடுபவனுக்கும் இடையே வெற்றியைத் தீர்மானித்தது அதுவே. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1859இல், இத்தாலியில் பிரெஞ்சுக்காரர்களின் துப்பாக்கிமுனை ஈட்டிப் பாய்ச்சலிடம் தோற்றிருந்த ஆஸ்திரியர்கள், அந்தத் தோல்வியின் பாடமாக நெருக்கமான அணிகளில் பாய்ந்து தாக்கும் முறையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். முந்தைய போரின் பாடத்தை அக்கறையோடு படித்ததே அவர்களுக்குக் கேடாக முடிந்தது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது அடுத்து நடந்ததுதான். விரைந்து சுடும் துப்பாக்கியின் முன்னால் நெருங்கிய அணி என்ன ஆகும் என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்த பிரஷ்யர்கள், பிரான்ஸுடனான போரில் 1870 ஆகஸ்ட் 18 அன்று சான் பிரிவா கிராமத்தின் மீது தங்கள் காவல் படைப்பிரிவை மறைவே இல்லாத சரிவில் நெருங்கிய அணிகளாக அனுப்பினார்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஷஸ்போ துப்பாக்கி, டிரைசேயைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தொலைவுக்குச் சுடக்கூடியது. அந்தச் சரிவில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தார்கள். அதே போரில் பிரெஞ்சுக்காரர்களிடம் மித்ரையோஸ் என்ற பல குழல் துப்பாக்கியும் இருந்தது. அதை மிகுந்த இரகசியமாக வைத்திருந்ததால், போர் தொடங்கும் வரை அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பழகிய அதிகாரிகள் மிகச் சிலரே இருந்தனர். காலாட்படையோடு சேர்த்து வைக்க வேண்டியதைப் பீரங்கிகளைப் போலத் தொலைவில் நிறுத்தினார்கள். பிரஷ்யாவின் க்ரூப் பீரங்கிகள் அவற்றை எளிதில் வாயடைத்தன. பழகிப் பார்க்கக் கிடைக்காத ஆயுதம் எவ்வளவு சிறந்ததாக இருந்தும் களத்தில் பயன்படுவதில்லை.

முதல் உலகப் போரைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இன்றைய நிலைக்கு மிக நெருங்கிய முன்மாதிரி அதுதான். 1916 ஜூலை 1 அன்று, சோம் நதிப் பகுதியில், ஏழு நாள் பீரங்கித் தாக்குதலுக்குப் பிறகு பிரிட்டிஷ் படையினர் அகழிகளை விட்டு வெளியே வந்தார்கள். மாலைக்குள் அவர்களில் 57,470 பேர் வீழ்ந்தார்கள். அவர்களில் 19,240 பேர் இறந்தார்கள். இயந்திரத் துப்பாக்கியும் முள்வேலியும் அவர்களைக் கொன்றன என்று சொல்வது உண்மையின் ஒரு பகுதி மட்டுமே. அகழியை விட்டு வெளியேறிய வீரனோடு பின்னால் இருந்த பீரங்கிக்காரன் பேச வழியில்லை. தொலைபேசிக் கம்பிகள் குண்டுகளில் அறுந்துபோயின. முன்கூட்டியே எழுதிய கால அட்டவணைப்படி பீரங்கிக் குண்டுகள் முன்னே நகர்ந்துகொண்டிருக்க, காலாட்படை எங்கோ பின்தங்கிக் கிடந்தது. கொல்லும் ஆற்றல் வளர்ந்த அளவுக்குச் செய்தி சொல்லும் ஆற்றல் வளராததே அந்தப் பேரழிவின் ஆழமான காரணம்.

இரண்டே ஆண்டுகளில் அதே படைகள் முற்றிலும் வேறு விதமாகப் போரிட்டன. சோம் போரின் நடுவே 1916 செப்டம்பர் 15 அன்று டாங்கிகள் முதன்முதலாகக் களமிறங்கியதையே பலரும் இந்த மாற்றத்தின் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 25 வயதிலேயே நோபல் பரிசு பெற்ற லாரன்ஸ் பிராக் என்ற இயற்பியலாளர் பிரிட்டிஷ் படையில் உருவாக்கிய ஒலிக் கணிப்பு முறையாகும். பகைவரின் பீரங்கி முழங்கும் ஒலி, வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்ட ஒலிவாங்கிகளை வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு அந்தப் பீரங்கி இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார்கள். துல்லியமான வரைபடங்களும் வானிலைக் கணக்கும் இதனுடன் சேர்ந்தபோது, முன்கூட்டிச் சுட்டுப் பார்க்காமலே முதல் குண்டிலேயே இலக்கை நெருங்க முடிந்தது. அதனால் நாட்கணக்கில் குண்டு பொழிந்து, தாக்கப்போகும் இடத்தைத் தாமே அறிவிக்கும் வழக்கம் தேவையற்றுப் போனது. 1917 நவம்பர் 20 அன்று காம்ப்ரேயில் 400-க்கும் மேற்பட்ட டாங்கிகள் திடீரெனத் தாக்க முடிந்தது இதனால்தான். பத்தே நாட்களில் ஜெர்மானியர்கள் எதிர்த்தாக்கி இழந்த நிலத்தில் பெரும்பகுதியை மீட்டார்கள். அவர்கள் பெரிய அளவில் டாங்கிகளை நம்பவில்லை. இயந்திரத் துப்பாக்கியும் கையெறி குண்டும் ஏந்திய சிறு குழுக்கள், வலுவான இடங்களைத் தாக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே ஊடுருவிச் சென்றன. அந்தக் குழுக்களின் தலைவன் பெரும்பாலும் ஓர் இளநிலை அதிகாரி, சில வேளைகளில் ஒரு சார்ஜென்ட். எங்கே திரும்புவது, எதை விட்டுவிடுவது என்பதை அவனே முடிவு செய்தான்.

1918 ஜூலை 4 அன்று ஹமெல் கிராமத்தை ஆஸ்திரேலியத் தளபதி ஜான் மொனாஷ் கைப்பற்றிய விதம் இவை அனைத்தும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு. டாங்கி, பீரங்கி, காலாட்படை, பாராசூட் வழியாகக் குண்டுப் பெட்டிகளை இறக்கிய விமானம் ஆகிய அனைத்தும் ஒரே திட்டத்தில் இணைந்தன. 90 நிமிடங்களில் முடியும் என்று அவர் திட்டமிட்டது 93 நிமிடங்களில் முடிந்தது.

1940 மே மாதத்தில் பிரான்ஸ் வீழ்ந்ததற்கும் டாங்கிகளின் எண்ணிக்கை காரணமன்று. பிரெஞ்சு டாங்கிகளில் பல தடித்த கவசமும் பெரிய பீரங்கியும் உடையவை. ஜெர்மன் டாங்கிகளில் வானொலி இருந்தது, அவற்றை வழிநடத்திய குடேரியன் தொலைத்தொடர்புப் படைப்பிரிவில் பணியாற்றியவர் என்பவை மட்டும் இங்கே போதும்.

1973 அக்டோபர் போருக்கு வருகிறேன். 1967இல் பெற்ற பெருவெற்றிக்குப் பிறகு இஸ்ரேலியப் படை டாங்கிகளையும் விமானங்களையுமே நம்பி, அவற்றோடு செல்ல வேண்டிய காலாட்படையையும் மோர்ட்டார் என்ற சிறு பீரங்கிகளையும் புறக்கணித்திருந்தது. சூயஸ் கால்வாயைக் கடந்து வந்த எகிப்திய வீரர்களிடம் சாகர் என்ற சோவியத் ஏவுகணை இருந்தது. பெட்டியில் வைத்து முதுகில் சுமந்து செல்லக்கூடிய அது, 3 கிலோமீட்டர் வரை சென்று டாங்கியைத் துளைக்கும். அக்டோபர் 8 அன்று காலாட்படையின் துணையின்றிப் பாய்ந்த இஸ்ரேலிய டாங்கிகள் கடும் இழப்பைச் சந்தித்தன. டாங்கியின் காலம் முடிந்துவிட்டது என்று உலகெங்கும் எழுதினார்கள். ஆனால் களத்தில் இருந்த டாங்கிக் குழுவினர் சில நாட்களிலேயே அந்த ஏவுகணையின் குறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முழு வீச்சைக் கடக்க அதற்கு இருபது நொடிகளுக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அதை ஏவியவன் அசையாமல் கண்ணை எடுக்காமல் கைப்பிடியால் இயக்க வேண்டும். எனவே ஒளிக்கீற்றைக் கண்டவுடன் ஒருவர் எச்சரிக்க, எல்லா டாங்கிகளும் திசை மாறி ஓடியபடியே ஏவப்பட்ட இடத்தை நோக்கிச் சுட்டன, புகைத்திரை போட்டன, மோர்ட்டார்களும் கவச வாகனக் காலாட்படையும் மீண்டும் உடன் சேர்க்கப்பட்டன. ஏவுகணையை வீழ்த்த முடியாவிட்டாலும், அதை இயக்குபவனின் கவனத்தைச் சிதறடிக்க முடிந்தது. இந்த முறை இன்றைய ட்ரோன் போரில் அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

இன்றைய ட்ரோன் போரைப் பற்றிய பேச்சு 2020இல் நடந்த நாகோர்னோ-கராபாக் போரிலிருந்து தொடங்குவது வழக்கம். செப்டம்பர் 27 முதல் 44 நாட்கள் நீடித்த அந்தப் போரில், அஜர்பைஜான் துருக்கியின் பைரக்தார் டிபி2 ட்ரோன்களையும், இலக்கின் மேல் வட்டமிட்டுப் பாயும் இஸ்ரேலிய ஹாரோப் ட்ரோன்களையும் கொண்டு ஆர்மீனிய டாங்கிகளையும் வான்பாதுகாப்பு அமைப்புகளையும் அழித்தது. ஆன்-2 (An-2) என்ற பழைய இரட்டை அடுக்கு இறக்கை விமானங்களை ஆளில்லாமல் பறக்கவிட்டு, அவற்றைச் சுட முனைந்த ஆர்மீனிய ஏவுகணைத் தளங்களின் இடங்களைக் கண்டறிந்தது. ட்ரோன் காட்சிகள் உலகமெங்கும் பரவியதால், வானிலிருந்தே போரை வெல்லலாம் என்ற முடிவுக்குப் பலரும் வந்தார்கள். போரை முடித்துவைத்த சுஷா நகரமோ, காடுகளின் வழியே நடந்து பாறைச் சரிவுகளில் ஏறிச் சென்ற இலகு காலாட்படையினரிடம் வீழ்ந்தது. 2022இல் உக்ரைனில் அதே பைரக்தார் ட்ரோன்கள் முதல் சில வாரங்களில் பெரும் பெயர் பெற்றன. ரஷ்ய வான்பாதுகாப்பு ஒழுங்காக அமைந்த பிறகு முன்னணிக்கு மேலே அவற்றால் பறக்க முடியவில்லை. எதிரி ஆயத்தமாக இல்லாத நாளில் ஓர் ஆயுதம் செய்துகாட்டியதை அதன் இயல்பான ஆற்றல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

களத்தை உண்மையில் மாற்றியவை மலிவான சிறு ட்ரோன்கள். கடையில் கிடைக்கும் நான்கு விசிறி ட்ரோன்கள் முதலில் வெறும் கண்களாக இருந்தன. அவை கண்டதை வரைபடத்தில் குறித்துப் பீரங்கிக் குழுவுக்கு உடனே அனுப்பும் கிரோப்பிவா போன்ற செயலிகள், இலக்கைக் காண்பதற்கும் குண்டு விழுவதற்கும் இடையிலான நேரத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கின. 2022 மே மாதத்தில் பிலோஹொரிவ்கா அருகே சிவெர்ஸ்கி தொனெட்ஸ் ஆற்றில் மிதவைப் பாலம் போட்டுக் கடக்க முயன்ற ரஷ்யப் படை, கரையிலேயே ஒட்டுமொத்தமாக அழிந்தது இந்த இணைப்பின் விளைவாகும். பிறகு, இயக்குபவர் கண்ணாடித் திரையை அணிந்து ட்ரோனின் கண் வழியாகவே பார்த்துச் செலுத்தி மோதும் எஃப்பிவி ட்ரோன்கள் வந்தன. சில நூறு டாலர் விலையுள்ள இது, தனியொரு வீரனைக்கூட இலக்காக வைத்துத் துரத்தியது. அதுவரை ஒரே ஒரு மனிதனுக்காகப் பீரங்கிக் குண்டு செலவிடப்படுவது அரிது. ஒருவனாக இருப்பதே ஒரு பாதுகாப்பாக இருந்தது. அந்தப் பாதுகாப்பு போய்விட்டது.

இதன் விளைவுகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்துகொண்டே இருக்கின்றன. டாங்கிகள் மேலே இரும்புக் கூண்டு போட்டுக்கொண்டன. 2024இல் ரஷ்யர்கள் டாங்கி முழுவதையும் தகரக் கொட்டகையால் மூடினார்கள். அதே ஆண்டு அமெரிக்க ஏப்ரம்ஸ் டாங்கிகளை உக்ரைன் முன்னணியிலிருந்து சிறிது காலம் பின்வாங்கியது. வானொலி அலைவரிசையை முடக்கும் கருவிகள் பல வாகனங்களிலும் பொருத்தப்பட்டன. உடனே ட்ரோன்கள் வேறு அலைவரிசைகளுக்குத் தாவின. முடக்கம் வலுத்தபோது, தலைமயிர் போன்ற கண்ணாடியிழையைப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்தன. இவற்றை முடக்கக் காற்றில் எந்தச் சமிக்ஞையும் இல்லை. 2025 தொடக்கத்தில் ரஷ்யாவின் கூர்ஸ்க் மாகாணத்தில் இருந்த உக்ரைனியப் படைக்குச் சூஜா வழியாகச் சென்ற ஒரே முக்கியச் சாலையை இத்தகைய ட்ரோன்கள் பெருமளவு அடைத்துவிட்டன. அந்தப் படை மார்ச் மாதத்தில் பின்வாங்க நேர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். இப்போது முன்னணிச் சாலைகளின் மேல் கிலோமீட்டர் கணக்கில் மீன்வலை போன்ற வலைகளைக் கட்டுகிறார்கள். ரஷ்யாவின் ருபிகான் என்ற ட்ரோன் பிரிவு, எதிரியின் அகழிகளைவிட அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ட்ரோன் இயக்குநர்களையும் சரக்கு வாகனங்களையும் தேடித் தாக்குகிறது. சாகர் ஏவுகணையை இயக்கியவனைக் குறிவைத்ததைப் போலவே, இங்கும் ஆயுதத்தை விட்டு அதன் பின்னால் உள்ள மனிதன் இலக்காகிறான்.

தாக்குபவர்களும் உருமாறிவிட்டார்கள். கவச வாகன வரிசைகளுக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள்களில் பாய்கிறார்கள். அல்லது இரண்டு மூன்று பேராக, மூடுபனியிலும் மழையிலும் ட்ரோன் பறக்க முடியாத நேரம் பார்த்து, எதிரியின் காவல் நிலைகளுக்கு இடையே உள்ள வெற்றிடங்களில் நுழைந்து உள்ளே கூடுகிறார்கள். முன்னணி என்பது வரைபடத்தில் ஒரு கோடாக இருந்தது போய், இரு பக்கமும் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஆழமுள்ள, யாரும் பகலில் நடமாட முடியாத பட்டையாக விரிந்துவிட்டது. அதைக் காப்பவர்களும் இரண்டு மூன்று பேராகவே பதுங்குகுழிகளில் இருக்கிறார்கள். அவர்களை மாற்றிவிட ஆட்களைக் கொண்டுசெல்வதே மிகப் பெரிய ஆபத்தாக இருப்பதால், வாரக்கணக்கிலும் சிலர் மாதக்கணக்கிலும் அங்கேயே கிடக்கிறார்கள். தண்ணீரும் உணவும் பேட்டரியும் ட்ரோனிலிருந்து விழுகின்றன.

காயம்பட்டவர்களின் நிலைமைதான் இந்த மாற்றத்தின் மிகக் கொடிய பகுதி. ஆயுதங்களை வியந்து எழுதுபவர்கள் இதைக் கடந்துபோய்விடுவது எனக்கு வேதனை தருகிறது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படையினர் காயமுற்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது நெறியாக இருந்தது. ட்ரோன்கள் நிறைந்த வானத்தின் கீழ் அது நடக்காது. இரத்தப்போக்கை நிறுத்தக் கட்டும் இறுக்குப்பட்டையை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்ந்துவிடுவோம் என்ற நம்பிக்கையில்தான் கட்டுகிறார்கள். பல மணி நேரமும், சில வேளைகளில் நாட்களும் ஆகிவிடுவதால், காப்பாற்றியிருக்கக்கூடிய கைகால்கள் வெட்டப்படுகின்றன. எனவே முதலுதவி என்பது மருத்துவ உதவியாளரின் வேலை என்ற நிலை மாறி, பதுங்குகுழியில் இருக்கும் ஒவ்வொருவனும் பட்டையைத் தளர்த்துவதையும் காயத்தை அடைத்துக் கட்டுவதையும் அறிந்திருக்க வேண்டியதாகிறது. சக்கரமும் சங்கிலிப் பட்டையும் உள்ள தரை ரோபோக்கள் காயமுற்றவர்களை இழுத்து வரத் தொடங்கியிருப்பதை, இந்தப் போரில் தோன்றிய கருவிகளிலேயே சிறந்த ஒன்றாக நான் மதிக்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு கவலை உண்டு. 1918இல் படை சிதறியபோது, முடிவெடுக்கும் உரிமையும் அதனோடு கீழே இறங்கியது. ஊடுருவிச் சென்ற சார்ஜென்ட்டை யாரும் தொலைவிலிருந்து பார்க்க முடியாததால், அவனை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. இன்று படை அதைவிடப் பல மடங்கு சிதறியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பதுங்குகுழிக்கு மேலேயும் ஒரு ட்ரோன் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இருபது கிலோமீட்டர் பின்னால் நிலவறையில் இருக்கும் தளபதி, பெரிய திரையில் அந்த இருவரையும் பார்க்கிறார். வலதுபுறம் நகரு, அந்த வீட்டுக்குள் போ என்று வானொலியில் சொல்லவும் செய்கிறார். சில வேளைகளில் அது அவர்களின் உயிரைக் காக்கிறது, ஏனெனில் அவர்களுக்குத் தெரியாத ஆபத்து மேலிருந்து தெரிகிறது. ஆனால் மேலிருந்து பார்ப்பவருக்கு, இரவெல்லாம் உறங்காதவனின் கை நடுங்குவதோ, சேற்றில் ஓட முடியாது என்பதோ தெரிவதில்லை. இணைப்பு அறுந்த நொடியில், இத்தனை நாளும் சொன்னதை மட்டும் செய்து பழகியவன் என்ன செய்வான்? முடக்கமே இந்தப் போரின் அன்றாட நிகழ்வாக இருக்கும்போது, இணைப்பு எப்போதும் இருக்கும் என்று நம்பி ஒரு படையைப் பழக்குவது மிகவும் ஆபத்தானது.

கடலிலும் இதே போக்கு தெரிகிறது. உக்ரைனுக்கென்று சொல்லிக்கொள்ளும்படியான போர்க்கப்பல்கள் இல்லாத நிலையிலேயே, நெப்டியூன் ஏவுகணைகளால் தாக்கப்பட்ட ரஷ்யப் போர்க்கப்பலான மாஸ்க்வா 2022 ஏப்ரல் 14 அன்று மூழ்கியது. 2024 பிப்ரவரியில் வெடிமருந்து ஏற்றிய ஆளில்லாப் படகுகள் கூட்டமாகச் சென்று இவானோவெட்ஸ், சீசர் குனிகோவ் ஆகிய கப்பல்களை மூழ்கடித்தன. ரஷ்யா தன் கருங்கடல் கப்பல்களில் பெரும்பாலானவற்றைச் செவாஸ்தபோலிலிருந்து நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்கு நகர்த்தியது.

அடுத்து வருவது, கடைசிச் சில நூறு மீட்டர் தூரத்தை மனிதக் கையின்றித் தானே பார்த்து இலக்கில் மோதும் ட்ரோன்கள். இவை சிறு அளவில் ஏற்கனவே களத்தில் உள்ளன. இயக்குபவரின் இணைப்பை அறுப்பதால் இவற்றைத் தடுக்க இயலாது என்பதால், ஏமாற்றும் கலை மீண்டும் முதன்மை பெறும் என்று நினைக்கிறேன். காற்றடைத்த போலி டாங்கிகள், மரத்தால் செய்த பீரங்கிகள், வெப்பத்தை மறைக்கும் போர்வைகள் ஆகியவை இப்போதே பெருமளவில் பயன்படுகின்றன. சரணடையக் கையை உயர்த்தியவனையும் காயமுற்றுக் கிடப்பவனையும் அந்த இயந்திரம் எப்படி வேறுபடுத்தும் என்ற கேள்விக்கு எந்தப் படையும் நிறைவான விடை தரவில்லை. விடை கிடைக்கும் வரை மனிதர்கள் நிறைந்த இடத்தில் அதைத் தனியே விடுவது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

இப்போது பல நாடுகள் ட்ரோன்களை இலட்சக்கணக்கில் வாங்கத் திட்டமிடுகின்றன. அவற்றை யாரிடம் கொடுப்பது என்பதே கடினமான முடிவு. உக்ரைன் 2024இல் ஆளில்லா அமைப்புகளுக்கென்றே தனிப் படையை உருவாக்கியது. அதே வேளையில் அதன் காலாட்படை பட்டாலியன்களும் தங்கள் சொந்த ட்ரோன் குழுக்களை வைத்திருக்கின்றன. தனிப் படை இருந்தால் தேர்ச்சியும் பொருளும் ஓரிடத்தில் சேரும். ஆனால் மித்ரையோஸைப் போல, முன்னால் கிடப்பவனுக்குத் தேவைப்படும் நேரத்தில் கருவி வேறொருவர் கையில் இருக்கும். ஒவ்வொரு கம்பெனியிலும் ட்ரோன் இயக்குபவரும் அதைப் பழுதுபார்ப்பவரும் அலைவரிசையைக் கவனிப்பவரும் அதே பதுங்குகுழியில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. எதிரி முறையை மாற்றும்போது அதை முதலில் காண்பவர்கள் அவர்கள்தான். அன்றிரவே சாலிடரிங் கம்பியை எடுத்து அலைவரிசையை மாற்றி, மறுநாள் காலையில் பறக்கவிட்டுப் பார்க்கக்கூடியவர்களும் அவர்கள்தான்.